நடு வரிசை

ஃப்ரிட்ஜை அவன் எடுத்துக்கொண்டான்.
உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் கூடாரத்தையும்
அதை இழுக்கும் வண்டியையும்.
நாய் அவளோடு போயிற்று. யார் வேண்டுமென்று
நாயே சொல்லிவிட்டதால் அதில் வழக்கில்லை.
மிச்சம் இருந்தது போர்வை.
அதை இருவரும் விடவில்லை.

குப்பைப் பையில் சுருட்டி என் வாசலுக்கு வந்தது.
மேலே ஒட்டிய தாளில் என் தம்பியின் எழுத்து:
"தோர்டிஸ், சரிபாதி."

இரண்டு குளிர்காலம் தைத்தது அது.
கிம்லியில் ஏரி இறுகிய நாள் தொடங்கி
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டபின்
இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை.
பால்டூரின் கட்டம்போட்ட சட்டைகள் நான்கு.
ஓரிசியாவின் அம்மா வீட்டுச் சமையலறைத் திரை.
பேருந்தில் யாரோ விட்டுப்போய்
வசந்தம் வரை யாரும் கேட்டு வராத
ஒரு பச்சைக் கழுத்துத்துணி.
ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிவப்புச் சதுரம்,
அடுப்பு என்பார்கள் அதை.
சுற்றிலும் மரவீட்டுச் சட்டங்கள்போல் துணிப்பட்டைகள்,
ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு.
குறுக்கே ஏழு வரிசை.
ஒற்றைப்படைதான் அழகு,
நடு என்று ஒன்று இருக்குமே என்று
அன்றைக்கு நினைத்தேன்.
கெட்டிக்காரி.

இப்போது அளவுகோலை வைத்தால்
கோடு நான்காம் வரிசையின் அடுப்புகளை
ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டு போகிறது.

மூன்று நாள் மேசைமேல் கிடந்தது.
அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.
பால்டூர் போன் செய்தான்: "ஆயிற்றா?"
ஓரிசியா போன் செய்தாள்:
"வெட்ட வேண்டாம், அவனிடமே கொடுத்துவிடு."
பத்து நிமிஷம் கழித்து மறுபடி:
"இல்லை. வெட்டு."

வெட்டினேன்.
முதல் அடுப்பு. இரண்டாம் அடுப்பு.
எட்டு வருஷத்துக்குப் பிறகும் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது,
நாய்முடி மட்டும் எந்த வழியிலோ உள்ளே போயிருந்தது.
ஆறாவதில் கத்திரி கடித்து நின்றது.

ஊசி.

இரண்டாம் குளிர்காலத்தில் தொலைத்தது.
கம்பளம் முழுக்கக் காந்தத்தால் தடவித் தேடியது.
காலுறையோடு நடக்காதீர்கள் என்று
வந்தவர்களையெல்லாம் மிரட்ட வைத்தது.
பஞ்சுக்குள் குறுக்காகப் படுத்திருந்தது,
சுற்றிலும் தேநீர்க் கறைபோல் துரு,
யார் பக்கமும் இல்லாமல், சரியாக நடுவில்.

கல்யாணமான வருஷம் ஈஸ்டர் விருந்தில்
ஓரிசியா சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"ராத்திரியில் எதுவோ குத்துகிறது."
"இவளுக்கு எல்லாமே குத்தும்," என்றான் பால்டூர்.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.
அடுத்த வருஷம் சிரிக்காமல் சொன்னாள்.
அதற்கடுத்த வருஷம் சொல்லவில்லை.

ஒரு ஊசி ஒரு வீட்டை உடைக்காது.
அவர்களுக்குள் கடன் இருந்தது, குடி இருந்தது,
வின்னிபெக்கில் அவளுக்குக் கிடைத்த வேலை இருந்தது.
ஆனாலும் ஒருத்தி குத்துகிறது என்னும்போது
விளக்கைப் போட்டு எழுந்து
ஒரு முறை கையால் தடவிப் பார்த்திருக்கலாம்.
அவன்.
இல்லாவிட்டால் தைத்தவள்.

அவளுக்குத்தான் முதலில் சொன்னேன்.
"நடு வரிசை. மேலிருந்து ஆறாவது."
அந்தப் பக்கம் நெடுநேரம் நாயின் மூச்சு மட்டும்.
பிறகு, "எவ்வளவு நீளம்?"
"ஒன்றேகால் அங்குலம்."
"பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன்," என்றாள்.

வெட்டிய விளிம்பை மடித்துக் கட்ட
பழைய துணி எதுவும் மிச்சமில்லை.
என் சீருடைச் சட்டையைக் கிழித்தேன்.
அவன் பாதியின் விளிம்புக்குள்
ஊசியை விட்டுத் தைத்துவிடலாமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

அனுப்புமுன் இரண்டையும் தரையில் விரித்து
முழங்காலில் நின்று
கண்ணை மூடிக்கொண்டு
உள்ளங்கையால் தடவினேன்,
ஒரு பாதி முழுதும்,
பிறகு மற்றது,
பிறகு நம்பாமல்
முதலிலிருந்து.